ஒரே பெட்டியில் இரண்டு சப்வூஃபர்: நடுத்தடுப்பு எதைக் காப்பாற்றுகிறது?

பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் இளைஞர் போன மாதம் தன் காரின் டிக்கியைத் திறந்து காட்டினார். பின்சீட்டின் முதுகை ஒட்டிக் கறுப்புக் கம்பளம் போர்த்திய நீளமான பெட்டி. அதன் முகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு 12 அங்குல சப்வூஃபர்கள், அதாவது பேஸ் என்னும் தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர்கள். போர்ட் என்னும் காற்றுத் துளை கிடையாது, முழுதும் மூடிய பெட்டி. ஒரு சப்வூஃபர் எரிந்துபோனதால் அதே மாடலில் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து பேஸ் காணாமல் போய்விட்டது. எவ்வளவு ஏற்றினாலும் டிக்கியில் ஏதோ படபடக்கிறது, சீட்டில் ஒன்றும் தெரியவில்லை.

“நடுவில் தடுப்பு இல்லை, அதனால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன, புதுப் பெட்டிதான் செய்ய வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள், அண்ணா” என்றார்.

இந்தப் பெட்டி எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு வருடம். இரண்டு வருடம் சமாதானமாக இருந்தவை திடீரென்று எதற்குச் சண்டை போடுகின்றன என்பதுதான் கேள்வி. கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அந்தச் சண்டை எப்போது மூளும், மூண்டால் யாருக்கு அடி விழும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, ஒரு சப்வூஃபரின் கூம்பின் மேல், அதாவது முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்பும் பகுதியின் மேல், உள்ளங்கையை விரித்து வைத்து மெதுவாக அழுத்தினேன். பக்கத்துக் கூம்பு மெல்ல வெளியே எழுந்தது. கையை எடுத்தேன், எழுந்தது பழைய இடத்துக்கு இறங்கியது. இரண்டுக்கும் நடுவில் கம்பியோ நெம்புகோலோ இல்லை. காற்று மட்டும்தான் இருக்கிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய் ஒன்று வைத்திருப்பார்களே, அதில் ஒரு முனையில் நீரை அழுத்தினால் மறுமுனையில் ஏறும். அதே கதைதான் இங்கும். பொதுப் பெட்டியில் இருக்கும் இரண்டு சப்வூஃபர்களை இரண்டு தனி ஸ்பீக்கர்கள் என்று நினைப்பதைவிட, இரண்டு கூம்பு கொண்ட ஒற்றை இயந்திரம் என்று நினைப்பது சரியாக இருக்கும்.

மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு ஸ்பிரிங் வேலை. 1954-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்கர் வில்சுர் இந்த யோசனையை ஒரு விற்பனைப் பொருளாகவே ஆக்கினார். அக்கௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரில், கூம்பை இழுத்துப் பிடிக்கும் வேலையின் பெரும்பங்கை ரப்பருக்கும் துணிக்கும் கொடுக்காமல் பெட்டிக் காற்றிடம் கொடுத்தார். சிறிய பெட்டியில் ஆழமான பேஸ் வந்தது. இன்று டிக்கியில் இருக்கும் மூடிய பெட்டிகள் எல்லாம் அதன் வாரிசுகள்.

அந்த ஸ்பிரிங் எவ்வளவு பலம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். 12 அங்குல கூம்பின் பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர். அது 1 சென்டிமீட்டர் உள்ளே போனால் அரை லிட்டர் காற்றை நெருக்குகிறது. பெட்டி 1 கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர் என்றால், சட்டென்று நெருக்கும்போது சூடும் சேர்ந்துகொள்வதால் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ இரண்டரை சதவீதம் உயரும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டரை சதவீதம் கூம்பை ஏறக்குறைய 13 கிலோ எடைக்குச் சமமான விசையோடு திருப்பித் தள்ளுகிறது. பெட்டியின் 60-க்கு 35 சென்டிமீட்டர் பலகை ஒன்றின் மேல் அதே அழுத்தம் 50 கிலோவைத் தாண்டுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கும்போது இது நொடிக்கு 40 தடவை அந்தப் பலகையை உந்தி இழுக்கிறது. 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை வேண்டும், உள்ளே குறுக்குச் சட்டம் வேண்டும் என்று பெட்டி செய்பவர்கள் சொல்வது பயமுறுத்தல் இல்லை.

இனி இரண்டாவது கூம்பு. 2 கன அடிப் பெட்டியில் ஒரே மாதிரியான இரண்டு சப்வூஃபர்கள், ஒரே ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரே சிக்னல். இரண்டும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் நெருங்கும் காற்று 1 லிட்டர், பெட்டி 56 லிட்டர். விகிதம் மாறவில்லை. ஆகவே ஒவ்வொன்றும் தனக்கென்று 1 கன அடி இருப்பதைப் போலவே உணர்கிறது. பெட்டிக்குச் சரியாக நடுவில் ஒரு கோடு கிழித்துக் கற்பனை செய்யுங்கள். இடப்பக்கக் காற்று அந்தக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போகக் காரணமே இல்லை, ஏனென்றால் அங்கும் அதே அழுத்தம். காற்று தாண்டாத இடத்தில் ஒரு பலகையை நட்டால் என்ன மாறும்? ஒலியைப் பொறுத்தவரை ஒன்றும் இல்லை. பலகையின் பருமன் இரண்டு லிட்டர் இடத்தைத் தின்றுவிடும், அவ்வளவுதான்.

“ஒரு கூம்பிலிருந்து கிளம்பும் அலை அடுத்ததில் மோதி எதிரொலிக்காதா?” என்று சிலர் கேட்பார்கள். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். பெட்டியின் உள்நீளம் ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். அந்த அளவில் பெட்டிக்குள் அலை என்று பேசுவதற்கே இடமில்லை. எல்லா மூலையிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிறது.

ஆக, இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்வரை தடுப்பு தேவையில்லை. வேலை மாறும்போதுதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. இங்கே ஒரு சின்ன உத்தி எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடும். இரண்டு கூம்புகளின் அசைவு எப்படி இருந்தாலும் அதை இரண்டு பங்காகப் பிரிக்கலாம். ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரே திசையில் போகும் பங்கு; அதைக் கூட்டு அசைவு என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று, ஒன்று உள்ளே போக ஒன்று வெளியே வரும் எதிர் அசைவு. காரில் நாம் கேட்கும் பேஸ் கூட்டு அசைவிலிருந்து மட்டுமே வருகிறது. எதிர் அசைவில் இந்தக் கூம்பு தள்ளிய காற்றை அந்தக் கூம்பு விழுங்கிவிடுகிறது. வெளியேயும் அப்படித்தான், உள்ளேயும் அப்படித்தான்.

இரண்டுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. கூட்டு அசைவைக் காற்று ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுகிறது. எதிர் அசைவில் உள்ளழுத்தம் மாறுவதே இல்லை, எனவே அங்கே காற்று ஸ்பிரிங் கிடையாது. கூம்பைப் பிடித்திருப்பது அதன் சொந்த சரவுண்டும் (விளிம்பு வளையம்) ஸ்பைடரும் (பின்னால் இருக்கும் துணி வளையம்) மட்டும்தான்.

ஓர் உதாரண சப்வூஃபரை வைத்துக்கொண்டு மேலே போவோம். விவரத்தாளில் வி.ஏ.எஸ். என்று ஒரு எண் இருக்கும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்து எழுதிய கணக்குமுறையின் எண்களில் அதுவும் ஒன்று. கூம்பின் சொந்தப் பிடிப்பு எத்தனை லிட்டர் காற்றின் ஸ்பிரிங்குக்குச் சமம் என்பதை அது சொல்கிறது. நம் உதாரணத்தில் அது 56 லிட்டர் என்று கொள்வோம். பெட்டியில் மாட்டாமல் தன் சட்டத்தில் மட்டும் தொங்கும்போது கூம்பின் இயல்பு அதிர்வெண் 28 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றுக்கும் 28 லிட்டர் பங்கு கிடைக்கும் பெட்டியில், கூட்டு அசைவில் காற்றின் பிடிப்பு சொந்தப் பிடிப்பைப் போல் இரண்டு மடங்கு. இரண்டும் சேர்ந்து மூன்று பங்கு. எதிர் அசைவில் ஒரே ஒரு பங்கு.

ஸ்பீக்கர் கம்பியின் கூட்டல் கழித்தல் ஒன்றில் மட்டும் மாறிப்போனால் என்ன ஆகும்? முழு அசைவும் எதிர் அசைவாகிவிடும். பேஸ் பூஜ்யத்துக்கு அருகில். மிகத் தாழ்ந்த சுரங்களில் கூம்பின் ஓட்டம் மட்டும் மூன்று மடங்கு. 1 சென்டிமீட்டர் போக வேண்டிய கூம்பு 3 சென்டிமீட்டர் போக முயல்கிறது. அதற்கு அங்கே இடமில்லை, கூம்பின் பின்னால் ஒட்டியிருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் போய் அடிப்பாகத்தில் இடிக்கிறது. பேஸ் கேட்கவில்லையே என்று உரிமையாளர் ஆம்ப்ளிஃபையரின் பெருக்கத்தைக் கூட்டும் கெயினைத் திருகுகிறார். கடைக்காரர் சொன்ன சண்டை இதுதான். நடுவில் தடுப்பு இருந்திருந்தால்? கூம்புகள் இடிபடாமல் தப்பியிருக்கும், ஏனென்றால் அவரவர் காற்று அவரவரைப் பிடித்திருக்கும். பேஸ் மட்டும் திரும்பியிருக்காது. பெட்டிக்கு வெளியே இரண்டு கூம்புகளுக்கும் இடையில் ஒரு முழம்தான் தூரம். எட்டரை மீட்டர் அலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வெளியிலேயே ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

கம்பி சரியாக இருந்து ஒன்று மட்டும் பேசாமல் போனால் கதை வேறு. இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர், அதில் ஒன்றுக்கு சிக்னல் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் கூம்பின் விசையைப் பாதி கூட்டு அசைவு, பாதி எதிர் அசைவு என்று பிரிக்கலாம். பேஸ் சரியாகப் பாதியாகிறது, அதாவது 6 டெசிபல் குறைகிறது. தடுப்பு போட்ட பெட்டியிலும் ஒன்று நின்றுபோனால் குறைவது அதே 6 டெசிபல்தான். காதுக்கு இரண்டும் ஒன்று. கூம்புக்கு ஒன்றல்ல: பொதுப் பெட்டியில் ஓடும் கூம்பு மிகத் தாழ்ந்த சுரங்களில் முன்பைப் போல இரண்டு மடங்கு நகர்கிறது.

எரிந்துபோய் வாய்ஸ் காயில் அறுந்த சப்வூஃபர் இன்னும் குறும்பு செய்யும். சிக்னல் இல்லாத ஆம்ப்ளிஃபையரோடு இணைந்திருக்கும் காயில், கூம்பு அசைய அசைய மின்னோட்டத்தை உண்டாக்கித் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். அறுந்த காயிலுக்கு அந்தப் பிரேக் இல்லை. நம் உதாரணத்தில் அந்தச் செத்த கூம்பு 40 ஹெர்ட்ஸ் பக்கம் தானாக ஆடத் தொடங்கும். அங்கே ஒரே சுரம் மட்டும் உப்பி எழும். 28 ஹெர்ட்ஸில் ஓடும் கூம்பு எவ்வளவு வெளியே வருகிறதோ ஏறக்குறைய அவ்வளவு இது உள்ளே போய் அந்தச் சுரத்தையே விழுங்கிவிடும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘தொம்’ என்று கேட்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

கெயின் வித்தியாசத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இருக்கிறது. இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள், ஒன்று 10 பங்கு தள்ளுகிறது, மற்றொன்று 8 பங்கு. வித்தியாசம் 2 டெசிபலுக்கும் சற்றுக் குறைவு. காதால் பிடிப்பதே கஷ்டம். சராசரி 9 கூட்டு அசைவுக்குப் போகிறது, 1 எதிர் அசைவுக்குப் போகிறது. ஆனால் கூட்டு அசைவுக்கு மூன்று பங்கு ஸ்பிரிங் தடை, எதிர் அசைவுக்கு ஒரு பங்குதான். 9-ஐ மூன்றால் வகுத்தால் 3. அதோடு 1-ஐக் கூட்டினால் ஒரு கூம்புக்கு 4, கழித்தால் மற்றொன்றுக்கு 2. காதுக்குத் தெரியாத கெயின் வித்தியாசம் மிகத் தாழ்ந்த சுரங்களில் ஒரு கூம்பை மற்றொன்றைப் போல் இரண்டு மடங்கு ஓடவைக்கிறது. பேஸின் மொத்த அளவு ஒரு டெசிபல்கூடக் குறைவதில்லை. அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. சில மாதங்கள் கழித்து ஒரே பக்கத்து சப்வூஃபர் மட்டும் ஏன் பழுதாகிறது என்று குழம்பும்போது ஞாபகம் வரவேண்டிய கணக்கு இது.

பழையதும் புதியதும் சேர்ந்தால் இப்படி ஆகாதா என்றால், ஒரே மாடலில் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. புதிதின் சரவுண்டும் ஸ்பைடரும் கொஞ்ச நாள் விறைப்பாக இருக்கும். ஓட ஓடத் தளர்ந்துவிடும். வேறு வேறு மாடல்களைச் சேர்த்தாலோ, ஒரு 10 அங்குலத்தையும் ஒரு 12 அங்குலத்தையும் கலந்தாலோ நான் தடுப்புப் போடச் சொல்வேன். அவை வெவ்வேறு அதிர்வெண்களில் வேகம் எடுத்து வெவ்வேறு இடங்களில் பின்தங்கும். பலமானது பலவீனமானதை உந்திக்கொண்டே இருக்கும்.

வேண்டுமென்றே ஒன்றைத் தலைகீழாக மாட்டுவதும் உண்டு. ஒரு சப்வூஃபரின் காந்தம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்து, அதன் கம்பியையும் மாற்றி இணைப்பார்கள். காற்றுக்கு அது நேராகவே தெரியும். இரண்டு தலைகீழ்கள் சேர்ந்து ஒரு நேர். கூம்பு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இருக்கும் சிறு ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால் ஒலிச் சிதைவு கொஞ்சம் குறையும். பார்ப்பவர்கள் தவறாக மாட்டிவிட்டதாக நினைத்து அறிவுரை சொல்வார்கள். அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

போர்ட் வைத்த பெட்டியில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. வாய் குறுகிய பாட்டிலின் மேல் ஊதினால் ஒரு சுரம் வருமே, பெட்டியும் போர்ட்டும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. பொதுப் பெட்டியின் சுரத்தை மொத்தக் கொள்ளளவும் மொத்த போர்ட் பரப்பும் அதன் நீளமும் தீர்மானிக்கின்றன. ஒரே அளவில் இரண்டு போர்ட் உள்ள பொதுப் பெட்டி 34 ஹெர்ட்ஸுக்கு அமைந்திருந்தால், அதை நடுவில் மறித்து ஆளுக்கொரு போர்ட் கொடுத்தாலும் அதே 34 தான். பயணப் பையை வைத்து ஒரு போர்ட் வாயை அடைத்துவிட்டால், பொதுப் பெட்டியின் சுரம் 24 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தடுப்புப் பெட்டியில் ஒரு பக்கம் மூடிய பெட்டியாகிவிடும், மறுபக்கம் அப்படியே இருக்கும். இந்தச் சுரத்துக்குக் கீழே போர்ட் பெட்டியில் காற்று ஸ்பிரிங் வேலை செய்யாது, கூம்பு அநாதையாக ஓடும். அதற்காகத்தான் ஆம்ப்ளிஃபையரில், மிகத் தாழ்ந்த சுரங்களை வெட்டிவிட, சப்சானிக் ஃபில்டர் என்று ஒரு திருகு. பலர் அதைத் தொட்டதே இல்லை.

தடுப்பு ஆதரவாளர்கள் கவனிக்காத ஒன்று, டிக்கிகள் சமச்சீராக இருப்பதில்லை என்பது. ஒரு பக்கம் சக்கர வளைவு புடைத்திருக்கும். அதற்கேற்ப பெட்டியின் ஒரு மூலையை வெட்டுவார்கள். அல்லது பலகையால் செய்த போர்ட் ஒரு ஓரத்தை ஆக்கிரமித்திருக்கும். அப்படிப்பட்ட பெட்டியைச் சரியாக நடுவில் மறித்தால் ஒரு அறை 28 லிட்டர், மறு அறை 23 லிட்டர் என்று ஆகும். அதுவரை பொது அழுத்தத்தில் சமமாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு கூம்புகள், தடுப்பு வந்த பிறகுதான் வேறு வேறாக ஓடத் தொடங்கும். ஒற்றுமைக்காக எழுப்பிய சுவர் வேற்றுமையை உண்டாக்கும். அரைகுறைத் தடுப்பு இதைவிட மோசம்: கம்பி போக ஓட்டை போட்டு அதை அடைக்காமல் விட்டால், இரண்டு அறைகளின் அழுத்தமும் வேறுபடும்போதெல்லாம் அந்த ஓட்டை சீட்டியடிக்கும்.

ஆகவே என் கணக்கு இப்படி: ஒரே மாடல், ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே சிக்னல் என்றால் பொதுப் பெட்டி போதும், நடுவில் முன்பலகையையும் பின்பலகையையும் இணைக்கும் ஒரு சட்டம் இருக்கட்டும், அதில் பெரிய ஓட்டைகள் இருக்கட்டும். அந்த 50 கிலோ உதையைத் தாங்க அது உதவும். ஆம்ப்ளிஃபையர் இரண்டு என்றாலோ, மாடல் வேறு என்றாலோ, முழுத் தடுப்பு. அது பேஸைக் கூட்டாது, கூம்புகளுக்குக் காப்பீடு.

இனி டிக்கிக்குத் திரும்புவோம். பெட்டியின் கம்பியை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, மைக்கில் போடும் 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டேன். பழைய கூம்பு துள்ளி வெளியே வந்தது. புதியது உள்ளே போனது. உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. புதியதன் காயில் அறுந்திருந்தாலும் பொதுப் பெட்டியில் பழையது வெளியே வரும்போது அது உள்ளே இழுபடும். எனவே இரண்டையும் கழற்றி மல்டிமீட்டரில் தனித்தனியாகப் பார்த்தோம். இரண்டும் மூன்றரை ஓம் பக்கம் காட்டின. 4 ஓம் சப்வூஃபருக்கு அது சரியான எண். காயில் நலம். அப்படியென்றால் கம்பிதான். புதியதன் பின்னால் பார்த்தால் சிவப்புக் கம்பி கழித்தல் முனையில் உட்கார்ந்திருந்தது.

மாற்றி இணைத்து, திருகுகளை முடுக்கி, மறுபடி பேட்டரியைத் தொட்டேன். இரண்டு கூம்புகளும் ஒன்றாக வெளியே வந்தன, ஆனால் முன்பு துள்ளியதில் பாதிகூட இல்லை.

“என்ன அண்ணா, அசைவு குறைந்துவிட்டதே?” இளைஞரின் முகம் வாடியது.

“இப்போதுதான் காற்று பிடித்துக்கொள்கிறது” என்றேன். அவர் நம்பவில்லை. கெயினைப் பழைய இடத்துக்கு இறக்கச் சொன்னேன். அதையும் அரைமனதோடுதான் செய்தார். டிக்கியை மூடிவிட்டு பாட்டைப் போட்டார். முதல் தாளம் விழுந்ததும் பின்பக்க நம்பர் பிளேட் தடதடவென்று அடித்துக்கொண்டது. பாட்டை நிறுத்தாமலே இறங்கி வந்து, அதன் திருகு ஒன்று தளர்ந்திருப்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டார்.